வெள்ளை ஐந்து ரூபா

இரண்டாம் பாடவேளை முடிந்து
ஆய்வுகூடம் வெறுமை.
அளவிகளைக் கழுவிக் கவிழ்த்துக்கொண்டிருந்தேன்.
சுதேஸ்கரன், நீ வந்தாய்,
இடுப்பில் காவலாளியின் சாவிக்கொத்து,
கைலேஞ்சிக்குள் ஒரு காசு.

"ஒருக்கா நிறுத்துத் தாங்க புள்ள.
மஞ்சள் பூச மறந்து அடிச்ச அஞ்சு ரூபாவாம்.
சாய்ந்தமருது இல்ஹாம் நானா
நாற்பதாயிரம் தாறாராம்,
நீங்க ஓமெண்டு சொன்னா."

காசு பார்ப்பது என் உத்தியோகம் இல்லை.
ஆனால் களுவாஞ்சிக்குடியில்
கிராமில் நூறிலொரு பங்குக்கும் வாய் திறக்கும் தராசு
இந்தக் கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது.
அதனால் வருகிறார்கள்.
தங்க முலாம் போட்ட இரண்டு ரூபா கொண்டு ஒருவர்.
வைஸில் இறுக்கி இன்னொரு காசின் முகத்தை
இதன் முதுகில் பதித்துவிட்டு,
அச்சகத்திலேயே இப்படி என்று
பிள்ளைமேல் சத்தியம் பண்ணியவர் ஒருவர்.
அவர்களை அனுப்ப ஒரு நிமிடம் போதும்.
முலாம் நிறையில் தெரியும்,
வைஸ் இரண்டு பக்கமும் காயம் வைக்கும்.

உன் காசு அப்படியல்ல.

காந்தம் காட்டினேன். ஒட்டியது.
ஒட்டும்தானே, உள்ளே உருக்கு,
பூசினாலும் பூசாவிட்டாலும்.
தராசில் வைத்தேன். குறைந்தது.
குறையும்தானே, தோலில்லாத உடம்பு.
கள்ளனும் நல்லவனும்
இதுவரை ஒரே சாட்சி சொன்னார்கள்.
மிச்சம் இருந்தது ஒரு கேள்வி:
தோலில்லாமலே அச்சுக்குள் போனாயா,
அச்சுக்குப் பிறகு உரிந்தாயா?

வில்லையை இறக்கினேன்.
அச்சின் அடியில் உலோகம் ஓடும்,
நடுவிலிருந்து விளிம்புக்கு.
ஓடிய தடம் நுண்கோடாய் நிற்கும்,
அலை திரும்பிய பிறகு
ஈரமணலில் நிற்பதைப் போல.
சாய்த்தால் ஒளி அதன்மேல் சுற்றி வரும்.

உன் காசில் ஒளி அசையவில்லை.
'ஐந்து' என்ற எழுத்தின் தோள்கள்
வாயில் கிடந்த கற்கண்டாய் மழுங்கியிருந்தன.
வெற்றிடமெங்கும் அம்மைத் தழும்பு.

பிறகுதான் மற்றதெல்லாம் கண்ணில் பட்டது.
நைத்திரிக் அமிலப் போத்தல்,
வெள்ளிக்கிழமை நான் போட்ட கோட்டுக்கு
இரண்டு விரல் கீழே.
கழுவுதொட்டி மூலையில் பச்சைநீலக் கறை.
உன் பெருவிரலில்
சவர்க்காரத்துக்கு அசையாத மஞ்சள்.
அது அமிலம் தோலில் எழுதுவது,
பித்தளைக்கும் அதற்கும் உறவில்லை,
எனக்குத் தெரியும்.
ஆனாலும் காசு இழந்ததைத்தான்
நீ சுமந்து நிற்கிறாய் என்று பட்டது.

"என்னகா சொல்லுது?"
"அச்சு பிழைவிடல்ல" என்றேன்.
நீ அதற்குமேல் கேட்கவில்லை.
பெருவிரலை உள்ளங்கைக்குள் மடித்தாய்.
லீசிங்காரன் மூன்றாம் முறையும்
படலையடியில் நின்றுபோன கதை
பள்ளிக்கூடமே அறியும்.

பின்னேரம் குறுமண்வெளியில் பாதை ஏறினேன்.
கொடுத்த காசில் ஒன்றை
பாதைக்காரர் திருப்பித் தந்தார்.
"இது செல்லாது புள்ள, வேற தாங்க."

மஞ்சள் ஐந்து ரூபா.
ஒரு பக்கம் பிறையளவு வெறுமை,
மறுபக்கம் எழுத்துகள் விளிம்புக்கு வெளியே
காலிழுபட்டு ஓடியிருந்தன.
எந்தக் கடை மிச்சத்தில் வந்ததோ,
எத்தனை நாள் பேர்ஸில் கிடந்ததோ.
நடு வாவியில் அதைச் சாய்த்தேன்.
ஒளி சுற்றி வந்தது,
சரியாகப் பதிந்த பாதியிலும்
சறுக்கிய பாதியிலும்.

மண்டூர்க் கரை நெருங்குகிறது.
நாளைக் காலை பதிவேடு திறக்க வேண்டும்.
அமிலம், இருப்பு, குறைவு, காரணம்.
'கை தவறிச் சிந்தியது' என்று எழுதலாம்.
பேனை என்னுடையது, கையெழுத்தும் சுத்தம்,
யாரும் வில்லை வைத்துப் பார்க்கமாட்டார்கள்.

பாதை கரையில் முட்டியது.
முன்னால் நின்ற சைக்கிள்காரர் இறங்கும்வரை
காசை உள்ளங்கைக்குள்ளேயே வைத்திருந்தேன்.